எலுமிச்சம்பழம் நசுங்கும் முன்

சரவணம்பட்டியில் எங்கள் வீதியில் புதுக்கார் வாங்கிய எவரும், வாங்கிய அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியதாகச் சரித்திரமே கிடையாது. காரணம், காந்தம் சார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு மட்டும் அது தெரிந்திருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் காந்தம் சார்தான். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்டில் தலை நரைக்கிறவரை இருந்தவர். வருகிற பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. கம்பெனி அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது, அவர் குறைகளுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. குறை கிடைக்கிற இடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில், வாரம் தவறாமல் யாராவது புதுக்கார் இறக்கும் எங்கள் ஐ.டி. பார்க் ஏரியா பட்டுவிட்டது.

அவருடைய ஆயுதங்கள் எல்லாம் சட்டைப் பையிலேயே இருக்கும். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று, அதற்கு ஒரு நூல். சின்ன டார்ச். வெள்ளைக் கைக்குட்டை. பிறகு, பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அந்தக் குட்டிக் கண்ணாடி. எந்த டாக்டர் இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தெரியாது.

"பெயின்டுக்கு அடியில இரும்பு இருந்தா ஒட்டுமுங்க. அடிபட்ட வண்டிய பட்டி பாத்து மழுப்பியிருந்தா கீழ உழுந்துபோடும். மனுசன் பொய் சொல்லுவானுங்க. காந்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க" என்று முதல் சந்திப்பிலேயே எனக்குப் பாடம் எடுத்தார்.

மூன்றாவது வீட்டு பேங்க்காரர் கார் வாங்கிய அன்று நான் அந்தப் பரிசோதனையை நேரில் பார்த்தேன். பேங்க்காரர் குடும்பத்தோடு மாலையும் கழுத்துமாக நிற்கிறார். மாலை காருக்கு. காந்தம் சார் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் முன்பக்கம் காந்தத்தை வைத்தார். பொத்தென்று விழுந்தது.

"பாத்தீங்களா! ஒட்டலை!"

"சார், அது பம்பருங்க. பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்கா? ஏனுங்க பிளாஸ்டிக்ல வெச்சிருக்கறானுங்க?"

"எல்லாக் கார்லயும் அப்படித்தானுங்க சார்."

காந்தம் சார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப எல்லாக் கம்பெனிக்காரனும் கூட்டாச் சேர்ந்துதான் பண்றானுங்கன்னு சொல்றீங்க?"

பேங்க்காரர் அன்றைக்கு வடை பாயசத்தோடு வைத்த விருந்தில் எதையும் தொடவில்லை. இன்றைக்கும் அவர் காரை வெளியே எடுக்கும்போது பம்பரை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார்.

காந்தத்துக்கு அடுத்தது கதவு. நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஓங்கிச் சாத்துவார். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். சாத்திவிட்டுக் கண்ணை மூடி, சங்கீதக் கச்சேரியில் முதல் வரிசைக்காரர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்பார். "டப்புன்னு வந்தா இரும்பு. டங்குன்னு வந்தா தகரமுங்க. இது ரெண்டுங்கெட்டானா வருது" என்பார். எந்தக் காருக்கும் அவர் டப் என்று தீர்ப்பு சொல்லி நான் கேட்டதில்லை. வீதியில் எங்காவது கார்க்கதவு அடிபடும் சத்தம் கேட்டால், யாரோ ஒருவருடைய சந்தோஷம் முடிந்தது என்று புரிந்துகொள்வோம்.

இவ்வளவு கார்களைப் பரிசோதித்த மனிதர் ஒரு காரிலும் ஏறியதில்லை என்பதுதான் வேடிக்கை. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எதற்கும் டவுன் பஸ்தான். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏன் சார், நம்ம டவுன் பஸ்ல மேல கீழ எல்லாம் துருதானே? அதை மட்டும் எப்படி நம்பறீங்க?"

"பஸ்ஸுல துரு வெளிய தெரியுதுங்க. ஒளிவு மறைவு கெடையாது. உள்ள வெச்சு மறைக்கறவனைத்தான் நம்பக் கூடாதுங்க" என்றார்.

அவர் மனைவிக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியுமுங்க" என்று என் மனைவி கலாவிடம் சொல்லியிருக்கிறார். "காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன். என்ற மூஞ்சிய ஒருக்காப் பாத்தாரு. டம்ளரத் திருப்பித் திருப்பி அஞ்சு நிமிசம் பாத்தாரு. அடியில ஈயம் சரியில்லையாமா. ராத்திரி படுக்கறதுக்கு மின்னாடி கட்டில் காலை ஆட்டிப் பாக்காம இன்னைக்கு வரைக்கும் படுத்ததில்லீங்க அம்மிணி. படுத்தாலும் அரைக்கண்ணுதான். ஃபேன் உழுந்துருமாம்."

காந்தம் சாரின் உச்சக்கட்டப் பெருமை ஷோரூமில்தான். நம் ஊரில் புதுக்கார் எடுக்கும்போது நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியை நகர்த்தி நசுக்குவோம் இல்லையா? அதைப்பற்றி அவருக்கு ஒரு சட்டமே இருந்தது.

"பழம் நசுங்கற வரைக்கும் வண்டி கம்பெனிக்காரனுதுங்க. நசுங்கிப்போச்சுன்னா நம்முளுது. அப்பறம் அழுது பிரயோசனமில்லீங்க. கேக்கறதெல்லாம் பழத்துக்கு மின்னாடி கேட்டுப்போடோணும்."

வீதியில் யாராவது ஷோரூமுக்குக் கிளம்பினால் அவரும் டவுன் பஸ் பிடித்து முன்னாடியே போய் நிற்பார். சாவி வாங்கி, கேக் வெட்டி, போட்டோ எடுத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்மூடிச் சாமி கும்பிட்டு, கியர் போடுகிற நேரத்தில் பார்த்தால் சக்கரத்துக்கு அடியில் பழம் இருக்காது. நான்கும் காந்தம் சார் சட்டைப் பைக்குள் இருக்கும். அவர் காருக்கு அடியில் இருப்பார். வெள்ளை வேட்டிக் கால்கள் மட்டும் வெளியே தெரியும்.

"தம்பி, இங்க ஒரு போல்ட்டுல துருப் புடிச்சிருக்குதுங்களே?" என்று அடியில் இருந்து குரல் வரும்.

"அது சர்ஃபேஸ் ரஸ்ட் சார். மேலாக்கத்தான். நார்மல்" என்பான் ஷோரூம் பையன்.

"மாப்பளைக்கு மேலாக்கத்தான் சொட்டைன்னு தரகன் சொல்ற மாதிரி சொல்றீங்களே தம்பி!"

ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருக்கும். போல்ட்டை மாற்றிக் கொடுத்தால்தான் பழம் திரும்பி வரும். சில சமயம் வராது. வருஷம் முழுக்க அவர் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய்க்குப் பஞ்சமில்லை. எங்களுக்கும் ஒரு பாட்டில் வந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். காந்தம் சாருக்குக் கார்த்தி வீட்டு வாசலில் சறுக்கியது. கார்த்தி எதிர்வீட்டு ஐ.டி. பையன். காந்தம் சாருக்குத் தெரியாமலே வெள்ளைக்கார் ஒன்றை எடுத்து, மருதமலைக்குப் போய்ப் பூஜை போட்டு, வரும் வழியில் நல்ல மழையில் நனைந்து வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் காலையில் காந்தம் சார் கண்ணில் அது பட்டது. பானட் இடுக்கில் இருந்தும் முன்கதவு மூட்டில் இருந்தும் செம்பழுப்பாகக் கோடு கோடாக வழிந்திருக்கிறது.

"வாங்க, எல்லாரும் வாங்க! ஒரே நாள்ல துரு வடிஞ்சு ஓடுது பாருங்க!"

வீதியே காப்பி டம்ளரோடு கூடிவிட்டது. கார்த்திக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் அம்மா அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். காந்தம் சாரே ஷோரூமுக்குப் போன் போட்டு, நுகர்வோர் கோர்ட், பத்திரிகை, கலெக்டர் என்று படிப்படியாக ஏறினார். ஷோரூமில் இருந்து ஒரு பையன் பைக்கில் அலறியடித்து வந்து சேர்ந்தான். வழிந்ததை விரலால் தொட்டான். முகர்ந்து பார்த்தான்.

"சார், இது குங்குமமுங்க."

சந்தனமும் குங்குமமும் மழையில் கரைந்து வழிந்திருக்கிறது. அவ்வளவுதான். கார்த்தியின் அம்மா பக்தியோடு அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அதோடு வீதி வெடித்துவிட்டது. பேங்க்காரர் சிரித்த சிரிப்பில் பம்பர் விஷயத்துக்கான வட்டியும் இருந்தது.

காந்தம் சார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து குழந்தைகள் முதற்கொண்டு அவரைக் குங்குமம் சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்து வந்த கார்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காந்தம் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைத் தாங்கிக்கொண்டு நின்றது. நானும் அன்றைக்குச் சிரித்தவன்தான். ஆனால் கதவு அடிக்கிற சத்தம் இல்லாத வீதி எனக்கு என்னவோ போலிருந்தது.

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் கார் வாங்கவேண்டி வந்தது. கலா நர்ஸ். வால்பாறை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகியிருந்தாள். திங்கட்கிழமை விடிகாலையில் கிளம்பி பஸ் மாறி பஸ் ஏறி மலைக்குப் போனால் வாரக்கடைசியில்தான் திரும்புவாள். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், அந்த மலைரோடு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. "ஒரு வண்டி மட்டும் வாங்கிக் குடுங்க. நானே ஓட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துர்றேன்" என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாங்கினோம்.

"காந்தம் சாரைக் கூப்பிடலாமா?" என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க? குங்குமத்தைப் பாத்துட்டுக் கலெக்டருக்குப் போன் போடுவாரு" என்றாள்.

ஷோரூமில் எல்லாம் அமைதியாக நடந்தது. கேக் வெட்டினோம். பழம் நான்கும் சக்கரத்துக்கு அடியில் அதனதன் இடத்தில் இருந்து, ஒழுங்காக நசுங்கின. சனிக்கிழமை மதியம் கலாதான் ஓட்டிக்கொண்டு வீதிக்குள் நுழைந்தாள். காந்தம் சார் கேட்டில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தை வானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சந்தேகப்பட்டால் பயம் என்று நினைத்திருந்தேன். அவர் சந்தேகப்படாமல் இருந்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தேன். எங்கள் காருக்கு அடியில் இருந்து இரண்டு வேட்டிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"சார்?"

கால்கள் அசைந்தன. மெதுவாக நகர்ந்து வெளியே வந்து, மண்ணோடு எழுந்து உட்கார்ந்தார். "கோவிச்சுக்காதீங்க. அம்மிணி மலைக்குப் போறாங்கன்னு ஊட்டுல சொன்னாங்க. பாக்காம இருக்கலாம்னுதான் இருந்தேனுங்க. முடியலை." கைக்குட்டையை விரித்துக் காட்டினார். செம்பழுப்புக் கறை. நான் வாயைத் திறக்கும் முன் அவரே சொன்னார்: "இந்த வாட்டி மோந்து பாத்துப்போட்டேனுங்க. நாக்குலயும் வெச்சுப் பாத்துப்போட்டேன். குங்குமமில்லீங்க."

பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்பாம். மேலே புதுசாகக் கருப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்களாம். "புது வண்டிக்கு ஏனுங்க புதுசாப் பெயின்ட்டு? மறைக்கறதுக்குத்தானுங்க. அடியில பொரை பொரையாப் பேந்து வருது."

சத்தம் கேட்டு வெளியே வந்த கலாவுக்குக் கோபம். கேட்டுக்கு வெளியே பேங்க்காரர் வேறு வாக்கிங்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்.

"சார், நாளைக்கு எனக்குக் காலை டூட்டி. பூஜையும் போட்டாச்சு, பழமும் நசுக்கியாச்சு. நீங்கதானே சொல்வீங்க, அதுக்கப்புறம் வண்டி நம்முளுதுன்னு?"

"பழம் நசுங்குனது டயருக்குத்தான் அம்மிணி, பிரேக்குக்கு இல்லீங்க." அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "சமரோட்டுல ஓட்டறதா இருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். மலை ஏறறதுக்கு இஞ்சின் வேணும். எறங்கறதுக்கு பிரேக்கு மட்டும்தாங்க வேணும். ஊரே சிரிச்சாலும் பரவால்லை, நான் உட மாட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, எங்கள் காருக்குப் பின்னால், கேட்டுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. அவர் மனைவி அங்கேயே இட்லி கொண்டுவந்து கொடுத்தார். "குங்குமம் சார், இன்னிக்கு இங்கயா தர்ணா?" என்று குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. அவர் அசையவில்லை. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்த கலா, பெருமூச்சு விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் பையை மாற்றி அடுக்கினாள். நிச்சயமாக அவர் சொல்வதை நம்பி இல்லை. நாற்காலியைத் தாண்ட வழியில்லாமல்தான்.

திங்கட்கிழமை ஷோரூம்காரர்களிடம் வழக்கம்போல "சர்ஃபேஸ் ரஸ்ட்" என்ற பதில்தான் வந்தது. நான் போனைக் காந்தம் சாரிடம் கொடுத்தேன்.

"சரிங்க தம்பி. அப்ப ஒண்ணு பண்ணுங்க. இதே வண்டியில உங்க மேனேஜரை உக்கார வெச்சு வால்பாறைக்குப் போய் எறங்கி வரச் சொல்லுங்க. வந்துட்டாருன்னா நான் மன்னிப்புக் கேட்டுப்போடறேன்."

மத்தியானம் வண்டியை ஏற்றிப்போக லாரி வந்தது.

காந்தம் சாரும் டவுன் பஸ் பிடித்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். அங்கே காரைத் தூக்கி நிறுத்தினார்கள். மெக்கானிக் அந்தப் பைப்பை ஸ்க்ரூடிரைவரால் லேசாகச் சுரண்டினார். பெயின்ட் உரிந்தது. பெயின்டோடு துருவும் செதில் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் பிரேக் ஆயில் ஒரு சொட்டு கசிந்து, திரண்டு, கீழே விழுந்தது. மழைக்காலம் முழுக்க, வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் தேங்கிய தண்ணீரில் நின்ற வண்டியாம், பிறகு மெதுவாகச் சொன்னார்கள். நான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் கலாதான் என் கண்ணுக்குத் தெரிந்தாள். காந்தம் சார் ஜெயித்துவிட்ட முகத்தோடு நிற்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பைப்பை மாத்தித் தர்றோம் சார்" என்றார் மேனேஜர்.

"வண்டிய மாத்துங்க" என்றார் காந்தம் சார்.

பெரிய சண்டைக்குப் பிறகு மாற்றினார்கள். வேறு வண்டி எடுக்கிற அன்று கலாவே போய் அவரை அழைத்தாள். காந்தம் ஃபிரிட்ஜில் இருந்து இறங்கி வந்தது, கரண்ட் பில் தரையில் கிடந்தது. ஷோரூமில் காலையில் வண்டிக்கு அடியில் போனவர் சாயங்காலம்தான் வெளியே வந்தார். பூஜை முடிந்தது. பார்த்தால் சக்கரத்துக்கு அடியில் பழம் இல்லை. ஐயோ, இந்த வண்டியும் போச்சு என்று எனக்குப் பகீரென்றது. அப்போது அவர் தன் சட்டைப் பையில் இருந்து எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, குனிந்து, தன் கையாலேயே நான்கு சக்கரத்துக்கும் வைத்தார். அந்தப் பையில் இருந்து பழம் தானாக வெளியே வந்ததை எங்கள் வீதிக்காரர்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எடுங்க அம்மிணி" என்றார்.

மறுநாள் வால்பாறைக்குக் கிளம்பும் முதல் பயணத்துக்கு அவரும் வரவேண்டும் என்று கலா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அவர் தயங்கினார். பஸ்ஸில் பின்னாடியே வருகிறேன் என்றார். அவர் மனைவிதான், "ஏறுங்க, அம்மிணி கூப்படறாங்கல்ல" என்று அதட்டி உட்கார வைத்தார். பின்சீட்டில் ஏறியவர் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், சீட்டை அமுக்கிப் பார்த்தார், கதவைத் திறந்து ஓங்கிச் சாத்தினார். கண்ணை மூடிக் கேட்டார்.

"டப்புன்னுதான் வருதுங்க" என்றார், தனக்கே நம்பிக்கை இல்லாதவர் மாதிரி.

பொள்ளாச்சி வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆழியாறு தாண்டும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தேகம் அவரிடம் இருந்து எனக்குத் தொற்றியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். காந்தம் சார் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் காலை ஆட்டிப் பார்க்காமல் படுக்காதவர். ஃபேனை நம்பாமல் அரைக்கண் தூக்கம் தூங்குகிறவர். வளைவுக்கு வளைவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தாரே தவிர, கண் விழிக்கவில்லை. கலா கண்ணாடியில் அவரைப் பார்ப்பதும், இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போவதுமாக ஓட்டினாள்.

வால்பாறையில் கலாவின் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டி நின்றது. தேயிலைத் தோட்டத்தின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அப்போதும் எழவில்லை. நான் இறங்கப் போனபோது கலா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். நாங்கள் இருவரும் இறங்கி, எங்கள் புதுக்காரின் கதவுகளை, சத்தமே வராமல், கையால் அணைத்துச் சாத்தினோம்.